இரண்டாவது வகுப்புவரை பொறுங்கள்

அமெரிக்கக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் பிள்ளை, "ரிலிஜியஸ் ஸ்டடீஸ் மேஜர் எடுக்கலாம்னு இருக்கேன்" என்று போனில் சொன்னால், தமிழ் வீட்டிலிருந்து வரும் முதல் பதில் பெரும்பாலும் நக்கல்தான்: "முடிச்சிட்டு எந்தக் கோயில்ல மணியடிக்கப் போறே?" நக்கல் தீர்ந்தபின் கவலை. பிள்ளைக்குப் பக்தி முற்றிவிட்டதோ, யாராவது மதம் மாற்றப் பார்க்கிறார்களோ, கட்டிய பணம் அத்தனையும் வீணோ என்று ஆளாளுக்கு ஒன்று. இந்தக் கவலைகளுக்குப் பதில் உண்டு, பின்னால் வருகிறேன். எனக்கு இதில் தீராமல் கிடப்பது வேறு விஷயம். இந்த மேஜரை, அதாவது சமயவியலை முதன்மைப் பாடமாக, எடுக்கிற மாணவர்களில் பலர் தப்பான வகுப்பை வைத்து முடிவு செய்கிறார்கள். வேண்டாம் என்று விடுகிறவர்களும் அதே வகுப்பை வைத்துத்தான் விடுகிறார்கள்.

பாதை வழக்கமாக இப்படிப் போகும். இளங்கலைப் பட்டத்துக்கு ஏறக்குறைய 120 கிரெடிட் (பாட அளவுப் புள்ளி) வேண்டும். அதில் மேஜருக்கென்று 30 முதல் 36, அதாவது பத்துப் பன்னிரண்டு வகுப்புகள். பொதுப்பாடங்கள் என்று இன்னொரு பெரிய பங்கு. கணினியோ உயிரியலோ படிக்க வந்த பிள்ளை, பொதுப்பாடக் கணக்கை நிரப்ப ஒரு கலைப்புல (ஹியூமானிட்டீஸ்) வகுப்பு தேடும்போது, செவ்வாய் வியாழன் காலை பதினோரு மணிக்கு இடம் காலியாக இருப்பது "உலக மதங்கள்: ஓர் அறிமுகம்". சேர்கிறது, பிடித்துப்போகிறது. நான்காவது செமஸ்டர் முடிவதற்குள் மேஜரை அறிவித்தாக வேண்டும் என்பது பெரும்பாலான கல்லூரிகளின் விதி. அந்த அறிமுக வகுப்பின் ருசி நாக்கில் இருக்கும்போதே படிவத்தில் கையெழுத்து விழுகிறது. இரண்டாவதாக வர வேண்டிய, துறையின் கட்டாய வகுப்பான "கோட்பாடுகளும் முறைகளும்" மூன்றாம் ஆண்டுக்குத் தள்ளிப்போகிறது. அங்கே போய் உட்கார்ந்த பிறகுதான், தான் எதில் சேர்ந்திருக்கிறோம் என்று தெரியவருகிறது. வரிசையைத் திருப்பிப் போட வேண்டும், முதலில் இந்த இரண்டாவது வகுப்பு, பிறகுதான் கையெழுத்து என்பதுதான் என் கட்சி.

சட்டம் கிழித்த கோடு

கோயில் மணி நக்கலுக்கு நியாயமான ஒரு காரணம் உண்டு. அமெரிக்காவிலேயே பல காலம் இந்தப் படிப்பு பாதிரியார்களின் கையில்தான் இருந்தது. கல்லூரிகளில் மதம் என்றால் பைபிள். ஆசிரியர்களின் சங்கத்துக்கே "பைபிள் போதகர்களின் தேசியச் சங்கம்" என்றுதான் பெயர். அது அமெரிக்க சமயவியல் அகாதெமி என்ற புதுப்பெயரில் பதிவுபெற்றது 1964-இல். நடுவில் என்ன நடந்தது என்றால், பென்சில்வேனியாவில் ஒரு வழக்கு. அந்த மாநிலத்துப் பொதுப்பள்ளிகளில் தினமும் காலையில் பைபிளிலிருந்து பத்து வசனம் படிக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. 1956-இல் ஆபிங்டன் உயர்நிலைப் பள்ளியில் எல்லரி ஷெம்ப் என்ற மாணவன் எதிர்ப்புக் காட்ட, அந்த நேரத்தில் குர்ஆனை எடுத்து வைத்துக்கொண்டு படித்தான். குடும்பம் நீதிமன்றம் போயிற்று. 1963 ஜூன் 17-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில், பொதுப்பள்ளியில் வழிபாடாக பைபிள் படிக்க வைப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றது. அதே தீர்ப்பில் நீதிபதி டாம் கிளார்க் இன்னொன்றையும் எழுதிவைத்தார்: மதங்களின் வரலாற்றையும் ஒப்பீட்டையும் சார்பில்லாமல் கல்வியின் பகுதியாகச் சொல்லிக்கொடுப்பதற்குத் தடை ஏதுமில்லை. மதத்தைப் போதிப்பது வேறு, மதத்தைப் பற்றிக் கற்பிப்பது வேறு என்ற இந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டுதான் மாநிலப் பல்கலைக்கழகங்கள் துணிந்து துறைகளைத் திறந்தன. சாண்டா பார்பராவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத் துறை 1964-இல் வந்தது.

கூட்டாட்சிக் கல்வித் துறையின் பாடப்பிரிவு எண் பட்டியலிலும் இதே கோடு தெரியும். தத்துவமும் சமயவியலும் 38-ஆம் வரிசை. இறையியலும் மதப்பணிக்கான பயிற்சியும் 39-ஆம் வரிசை. மேஜரின் எண் 38.0201 என்று இருந்தால் அது குருத்துவப் படிப்பு இல்லை என்பதற்கு அரசாங்கச் சான்றே இருக்கிறது; வீட்டில் காட்டலாம். நடைமுறையில் கோடு அவ்வளவு நேராக இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஹார்வர்டின் இறையியல் பள்ளியில் நம்மாழ்வாரின் திருவாய்மொழியில் ஆண்டுக்கணக்காகத் தோய்ந்த பேராசிரியர் பிரான்சிஸ் கிளூனி ஒரு சேசு சபைப் பாதிரியார். அவரை எந்த வரிசையில் வைப்பது என்பதே நல்ல ஒரு தேர்வுக் கேள்வி.

நம் ஊர் அமைப்பு வேறு மாதிரி. சென்னைப் பல்கலைக்கழகத்தில் சைவ சித்தாந்தத்துக்கு ஒரு துறை, வைணவத்துக்கு ஒன்று, சமணத்துக்கு ஒன்று, கிறித்தவத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றும் தன் மரபை ஆழமாகப் படிக்கும். பக்கத்து அறையில் இருப்பதோடு தன் பொருளை ஒட்டிவைத்துப் பார்ப்பது அங்கே கட்டாயமில்லை. அமெரிக்கத் துறையில் அந்த ஒட்டிவைப்புத்தான் வேலையே. தமிழ்நாட்டுப் பெற்றோருக்கு இந்த மேஜர் புரியாமல் போவதற்கு இது பாதிக் காரணம்.

முதல் வகுப்பின் மயக்கம்

அறிமுக வகுப்பு சுமார் பதினைந்து வாரம். இந்து, பௌத்தம், யூதம், கிறித்தவம், இஸ்லாம் என்று ஆளுக்கு இரண்டு மூன்று வாரம். இரண்டு இடைத்தேர்வு, ஒரு கட்டுரை, கடைசியில் ஒரு தேர்வு. பேராசிரியர் நன்றாகப் பேசுகிறவராக இருந்தால் அறுபது எழுபது பேர் வாய்பிளந்து கேட்பார்கள். படங்கள், சடங்குகள், ஊர்வலங்கள். சுற்றுலாப் பேருந்தில் உட்கார்ந்து ஊர் பார்ப்பது போன்ற சுகம். சுகமாக இருப்பதில் தப்பில்லை. அந்தச் சுகத்தைத் துறைக்கான தகுதி என்று எடுத்துக்கொள்வதில்தான் சிக்கல்.

தமிழ் மாணவருக்கு இந்த வகுப்பில் கூடுதலாக ஒரு எரிச்சல் வரும். இந்து மதத்துக்கு ஒதுக்கிய இரண்டு வாரத்தில் வேதம், உபநிடதம், நான்கு வருணம், கர்மா, கீதை என்று போய்விடும். மாரியம்மன் இல்லை, தேவாரம் இல்லை, பங்குனி உத்திரம் இல்லை, காவடி இருந்தால் ஒரு படமாக இருக்கும். "இது எங்க வீட்டு மதமே இல்லையே" என்று சில பேர் பேராசிரியரின் அறைக்குப் போய்ச் சண்டை பிடிப்பார்கள். இந்தச் சண்டையை நான் மதிக்கிறேன். வகுப்பை ரசித்தவர்களைவிடச் சண்டை பிடித்தவர்கள் இந்த மேஜருக்கு நெருக்கமானவர்கள் என்பது என் எண்ணம். ஏனென்றால் எரிச்சலைத் தொடர்ந்து போனால் ஒரு நல்ல கேள்விக்கு வந்து சேரலாம்: இந்தப் பட்டியலைப் போட்டது யார்? சமஸ்கிருத அறிஞர் மாக்ஸ் முல்லர் பதிப்பித்த "கிழக்கின் புனித நூல்கள்" வரிசை 1879-இலிருந்து 1910 வரை ஆக்ஸ்ஃபோர்டில் ஐம்பது தொகுதிகளாக வந்தது. மதம் என்றால் பழைய நூல், அந்த நூலைப் படித்தால் மதம் கைக்கு வந்துவிடும் என்கிற எண்ணம் வேர்விட்டதில் அந்த வரிசைக்குப் பெரிய பங்கு உண்டு. ஐம்பதில் ஒன்றுகூடத் தமிழ் நூல் கிடையாது. இத்தனைக்கும் அதே ஆக்ஸ்ஃபோர்டில் ஜி.யு. போப் இருந்தார். அவருடைய திருவாசக மொழிபெயர்ப்பு 1900-இல் அங்கேயே அச்சானது. ஆனால் வரிசைக்கு வெளியே, தனியாக.

எரிச்சல் "எங்க மதத்தைத் தப்பாச் சொல்லிட்டாங்க" என்பதோடு நின்றுவிட்டால் அது ஒரு புகார் மட்டும்தான். "மதம் என்று எதைச் சேர்க்கிறார்கள், எதை விடுகிறார்கள், அதை முடிவு செய்ய யாருக்கு அதிகாரம்" என்று நகர்ந்தால் இரண்டாவது வகுப்பின் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

பத்மாசனத்துக்கு வேறு பெயர்

கோட்பாட்டு வகுப்பில் பன்னிரண்டு பதினைந்து பேர் இருப்பார்கள். வாரத்துக்கு எண்பது நூறு பக்கம் படிக்க வேண்டியிருக்கும். துர்க்கைம், வேபர், வில்லியம் ஜேம்ஸ், ருடால்ஃப் ஓட்டோ, கிளிஃபர்ட் கீர்ட்ஸ், தலால் அசத், ஜோனதன் ஸ்மித் என்று, மதம் என்றால் என்ன என்பதற்கு விளக்கம் தேடிய அறிஞர்களின் பெயர்கள் வரும். வாரம் ஒரு பக்கக் குறிப்பு எழுதித் தர வேண்டும். முதல் மூன்று நான்கு வாரக் குறிப்புகள் பெரும்பாலும் சிவப்பு மையில் திரும்பி வரும், காரணமும் ஏறக்குறைய ஒன்றுதான். மாணவர் "துர்க்கைம் சொல்வதை நான் ஏற்கவில்லை, ஏனென்றால் கடவுள் சமூகத்தின் பிரதிபலிப்பு மட்டுமில்லை" என்று எழுதியிருப்பார். யாரும் அவருடைய சம்மதத்தைக் கேட்கவில்லை. இந்த ஆசிரியர் எதை விளக்கப் பார்க்கிறார், எந்தச் சான்றை வைத்து, அவருடைய விளக்கத்துக்குப் பிடிபடாமல் நழுவுவது எது என்பதுதான் கேள்வி. முதலில் அவர் வாதத்தை அவரே ஒப்புக்கொள்ளும்படி நான்கைந்து வாக்கியத்தில் எழுத வேண்டும். அதைச் செய்ய முடியாதவருக்கு மறுக்க உரிமை இல்லை என்பது எழுதப்படாத சட்டம்.

இந்த வகுப்புக்குப் பொருத்தமான ஒரு வழக்கை எடுத்துக்கொள்வோம். சான் டியேகோவுக்கு வடக்கே என்சினிடாஸ் என்ற கடற்கரை ஊர். 2012-13 கல்வியாண்டில் அங்குள்ள தொடக்கப் பள்ளிகளில் உடற்பயிற்சி நேரத்தில் யோகா சேர்த்தார்கள். பணம் கொடுத்தது ஜோயிஸ் அறக்கட்டளை, ஐந்து லட்சம் டாலருக்கு மேல். மைசூரில் அஷ்டாங்க யோகம் கற்பித்த பட்டாபி ஜோயிஸின் வழிவந்தவர்கள் நடத்தியது. சில பெற்றோர், பொதுப்பள்ளியில் இந்து மதம் நுழைகிறது என்று வழக்குப் போட்டார்கள். பள்ளி நிர்வாகம் முன்னெச்சரிக்கையாகச் சமஸ்கிருதப் பெயர்களை எடுத்துவிட்டது. பத்மாசனத்துக்கு அமெரிக்க மழலையர் பள்ளியில் சம்மணமிட்டு உட்காரச் சொல்லும் பெயரான "கிரிஸ்-கிராஸ் ஆப்பிள்சாஸ்" வைத்தார்கள். வழக்குப் போட்டவர்கள் தரப்பில் நிபுணர் சாட்சி சொன்னவர் ஒரு சமயவியல் பேராசிரியர். 2013-இல் நீதிபதி, யோகத்துக்கு மத வேர் உண்டு, ஆனால் இந்தப் பள்ளியில் நடப்பது மதம் இல்லை என்று தீர்ப்பளித்தார். 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

இப்போது, வகுப்பில் படித்த அறிஞர் ஒவ்வொருவரையும் இந்தப் பள்ளி மைதானத்துக்குக் கூட்டிவர வேண்டும். ஜேம்ஸுக்கு மதம் என்பது தனி மனிதன் தனிமையில் தெய்வீகமென்று தான் கருதுவதோடு கொள்ளும் உறவு. அப்படியானால் கேட்க வேண்டியது எட்டு வயதுக் குழந்தை அந்த நேரத்தில் உள்ளே என்ன உணர்கிறது என்பதை. துர்க்கைமுக்கு உணர்வு இரண்டாம்பட்சம். புனிதம் என்று ஒதுக்கிவைத்த பொருள் எது, அதைச் சுற்றி ஒரு சமூகம் கூடுகிறதா என்று பார்ப்பார். பாய் விரித்த முப்பது குழந்தைகள் ஒரு சமூகமா? பாயை மிதிக்கக் கூடாது என்று விதி இருந்தால் அது ஒதுக்கிவைத்ததா, வெறும் சுத்தமா? அசத் வந்தால் கேள்வியையே திருப்பிவிடுவார். மதம் என்றால் முதலில் நம்பிக்கை, சடங்கெல்லாம் அதன் வெளித்தோல் என்கிற கருத்து எங்கிருந்து வந்தது என்பார். பள்ளி நிர்வாகத்தின் தரப்பு, சொற்களையும் நம்பிக்கையையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் உடற்பயிற்சி என்பது. எதிர்த்தரப்பு, உடம்பு செய்வதிலேயே மதம் இருக்கிறது, பெயரை மாற்றி அதைத் துடைக்க முடியாது என்றது. வேடிக்கை என்னவென்றால், இந்த விஷயத்தில் யோகாவை எதிர்த்த கிறித்தவப் பெற்றோரும் நம் ஊர்ப் பாட்டிகளும் ஒரே கட்சி.

தமிழ் மாணவருக்கு இந்த இடத்தில் கொடுக்கக்கூடிய பயிற்சி கைவசம் இருக்கிறது. பிள்ளையார் முன் போடும் தோப்புக்கரணம் "சூப்பர் பிரெய்ன் யோகா" என்ற பெயரில் மேற்கில் உலவுகிறது. வகுப்பறையில் போட்டால் அது மதமா? தப்புச் செய்த பையனைப் பழைய தமிழ்ப் பள்ளியில் போடச் சொன்னார்களே, அது தண்டனையா, பக்தியா? ஐந்து பக்கம் எழுது, இரண்டு கோட்பாட்டாளர்களை மட்டும் பயன்படுத்து, உன் சொந்த முடிவைக் கடைசிப் பத்திவரை சொல்லாதே.

திருப்பம் நடப்பது இந்த மாதிரி ஒரு கட்டுரையில்தான். சில மாணவர்களுக்கு இங்கே சலித்துவிடும். "விளக்கம் எத்தனை வேண்டுமானாலும் கொடுக்கலாம், கடைசியில் எது சரி?" என்று கேட்டு, பதில் இல்லை என்றதும் ஏமாந்துபோவார்கள். அவர்கள் தேடியது வேறு. தத்துவமோ இறையியலோ அவர்களுக்குப் பொருந்தலாம், போவதும் நல்லது. இன்னும் சிலருக்கு எதிர்மாறாக ஆகும். கேண்டீனில் சாப்பிடும்போதும் கேள்வி விடாது. பள்ளி, நீதிமன்றம், பெற்றோர் மூவரும் ஒரே உடலசைவுக்கு மூன்று பெயர் வைத்ததையும், அதில் எது ஜெயித்தது, ஏன் ஜெயித்தது என்பதையும் தோண்டிக்கொண்டே இருப்பார்கள். கையெழுத்துப் போட வேண்டியவர்கள் இவர்கள். கடவுள் நம்பிக்கை உள்ளவர்களும் இந்தக் கூட்டத்தில் உண்டு, அடியோடு இல்லாதவர்களும் உண்டு. அதற்கும் இதற்கும் நான் பார்த்தவரை சம்பந்தமில்லை.

பௌன் தெருவில் எதைப் பார்ப்பது

இன்னொரு சோதனை களப்பணி. பல துறைகளில் ஒரு வழிபாட்டுத் தலத்துக்குப் போய்ப் பார்த்து ஐந்து முதல் ஏழு பக்கம் எழுதச் சொல்வார்கள். நியூயார்க் பக்கம் படிக்கிறவர்களுக்கு ஃபிளஷிங்கில் பௌன் தெருவைவிட நல்ல இடம் கிடைக்காது. 1657-இல் குவேக்கர்கள் என்ற கிறித்தவப் பிரிவினரைத் தடைசெய்ததை எதிர்த்து அந்த ஊர்க்காரர்கள் டச்சு ஆளுநருக்கு மனு எழுதினார்கள். பிறகு குவேக்கர்களைத் தன் வீட்டில் கூடவிட்டதற்காக 1662-இல் கைதானவர் ஜான் பௌன். அவர் வீடு இன்றும் அந்தத் தெருவில் இருக்கிறது. அதே தெருவில் கொஞ்சம் தள்ளி, 1977 ஜூலை 4 அன்று குடமுழுக்கு நடந்த மகா வல்லப கணபதி தேவஸ்தானம். அதைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர் ஐ.நா.வில் பணியாற்றிய செட்டிநாட்டுக்காரர் அழகப்பா அழகப்பன். கீழ்த்தளத்து கேண்டீன் தோசைக்கு மதமில்லாதவர்களும் வரிசையில் நிற்பார்கள்.

வெளியார் மாணவர் இங்கே செய்யும் பிழை எல்லாருக்கும் தெரிந்தது. எதைப் பார்த்தாலும் விநோதமாகத் தெரியும், குருக்களிடம் "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டு, அவர் அவசரத்தில் சொன்ன ஒரு வரியை "இந்துக்கள் நம்புவது என்னவென்றால்" என்று தொடங்கி எழுதிவிடுவார். தமிழ் மாணவரின் பிழை இதற்கு நேர் எதிர், கண்டுபிடிக்கவும் கஷ்டம். "பிறகு அபிஷேகம் நடந்தது" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவார். நாற்பது நிமிடக் காரியம் அது. எண்ணெய், பால், தயிர், தேன், இளநீர், சந்தனம் என்று எது முதலில், எது பிறகு? பாலைக் கேனோடு கொண்டுவந்து கொடுத்தது யார், கட்டளைதாரர் எங்கே நின்றார், திரை போட்டு அலங்காரம் நடந்த நேரத்தில் கூட்டம் என்ன செய்தது, போனைப் பார்த்ததா, பாடியதா? அர்ச்சனைச் சீட்டில் கோத்திரம் தெரியாத பிள்ளை என்ன சொல்லிற்று? திதிப்படி செவ்வாய்க்கிழமை வரவேண்டிய விழா சனிக்கிழமைக்கு எப்படி நகர்ந்தது, யார் தீர்மானித்தார்கள்? பனிக்காலத்தில் பூட்ஸையும் கோட்டையும் எங்கே வைக்கிறார்கள்? குருக்கள் மதப்பணியாளர்களுக்கான ஆர்-1 விசாவில் வந்தவரானால் அந்த விசாவுக்கு ஐந்து ஆண்டு உச்சவரம்பு உண்டு. அது கோயிலின் பூஜை முறையை எப்படிப் பாதிக்கிறது? பழகிய கண்ணுக்கு இவை எதுவும் குறிப்பெடுக்கும் அளவுக்குத் தெரிவதில்லை.

இதற்கு ஒரு சின்ன உபாயம் இருக்கிறது. நோட்டில் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் கண்ணும் காதும் வாங்கியதை மட்டும் எழுத வேண்டும். வலப்பக்கம் உங்கள் எண்ணம். இடப்பக்கத்தில் "பக்தியோடு" என்ற சொல் வந்தால் அடித்துவிட்டு, எதைப் பார்த்து அப்படி எழுதினீர்கள் என்று எழுதுங்கள். கை கூப்பியிருந்தாரா, கண் மூடியிருந்தாரா, உதடு அசைந்ததா? ஒரே இடத்துக்கு இரண்டு தடவை போங்கள், ஒன்று கூட்டமுள்ள ஞாயிறு, இன்னொன்று ஆளில்லாத வாரநாள். முன்கூட்டி அலுவலகத்துக்குப் போன் செய்து, வகுப்புக்காக வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். கருவறைப் பக்கம் படமெடுக்க வேண்டாம். அன்றிரவே விரித்து எழுதிவிடுங்கள், மறுநாளே பாதி மறந்துபோகும். வகுப்புக் கட்டுரைக்குப் பெரும்பாலும் தனி அனுமதி தேவைப்படாது. நான்காம் ஆண்டு ஆய்வேட்டுக்கு ஆட்களைப் பேட்டி எடுப்பதென்றால் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிக் குழுவிடம் முன்னதாகவே கேட்டாக வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும், செமஸ்டர் நடுவில் நினைவு வந்தால் ஆய்வேடே கெட்டுப்போகும்.

கையெழுத்துக்கு முன்

துறைகள் சின்னவை. ஐந்தாறு பேராசிரியர்களை வைத்து நடக்கும் துறைகள் ஏராளம். கோட்பாட்டு வகுப்பு ஆண்டுக்கு ஒரு முறைதான் வரும், சில இடங்களில் ஓராண்டு விட்டு ஓராண்டு. ஆகவே முதலில் செய்ய வேண்டியது, பாட அட்டவணையில் கடந்த நான்கு செமஸ்டர்களைப் புரட்டி அது எப்போதெல்லாம் வந்தது என்று பார்ப்பது. கேட்டலாகில் (கல்லூரியின் பாடப் பட்டியலில்) இருப்பதை நம்பாதீர்கள், அதில் பத்து ஆண்டாக நடக்காத வகுப்பும் இருக்கும். மூன்றாவது அல்லது நான்காவது செமஸ்டரில் வருமானால் அப்போதே பதிவு செய்யுங்கள். மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு மட்டும் என்று கணினி தடுத்தால் பேராசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் போதும், காலியிடம் இருந்தால் பெரும்பாலும் அனுமதிப்பார்கள். அந்தச் செமஸ்டரில் வரவே வராது என்றால், அதன் பழைய சிலபஸை வாங்கி முதல் ஐந்து வாரப் பகுதியை நீங்களாகவே படித்துப் பாருங்கள். படிக்கப் படிக்க வலித்தால் மைனரோடு, அதாவது துணைப்பாடத்தோடு, நிறுத்திக்கொள்ளலாம், ஐந்தாறு வகுப்பில் முடிந்துவிடும்.

துறையின் உடல்நலத்தையும் விசாரியுங்கள். 2020 டிசம்பரில் வெர்மான்ட் பல்கலைக்கழகம் செலவைக் குறைக்க மூடலாம் என்று முன்வைத்த துறைகளில் சமயவியலும் ஒன்று. தத்துவத்தோடும் செவ்வியல் மொழிகளோடும் இணைத்துவிடுவது இப்போது பரவலாக நடக்கிறது. ஏற்கெனவே சேர்ந்தவர்களைப் பொதுவாகப் பட்டம் முடிக்க விடுவார்கள், ஆனால் ஆள் ஓய்வுபெற்றால் அந்த இடம் நிரம்பாது. உங்களுக்கு வேண்டிய மரபைச் சொல்லித்தருபவர் அடுத்த இரண்டு ஆண்டு ஊரில் இருப்பாரா, ஆய்வு விடுப்பில் போகிறாரா என்று நேரே கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வந்திருக்கிற பிள்ளைகளுக்குக் கணக்கு வேறு. மேஜரை மாற்றினால், விசாவுக்காகக் கல்லூரி தரும் ஐ-20 படிவத்தையும் மாற்ற வேண்டும். பட்டத்துக்குப் பின் ஓபிடி, அதாவது படித்த துறையில் வேலை பார்க்கும் அனுமதி, பன்னிரண்டு மாதம். ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் உள்ள பாடத்துக்கு இன்னும் 24 மாதம் நீட்டிப்புக் கிடைக்கும், சமயவியலுக்கு அது இல்லை. இதற்காகவே கணினி அல்லது புள்ளியியலோடு இரட்டை மேஜராக எடுப்பவர்கள் உண்டு. இரண்டு மேஜரும் ஐ-20-இல் பதிவாகியிருக்கிறதா என்று வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். கடைசிச் செமஸ்டரில் கண்டுபிடித்து அலைய வேண்டாம்.

வேலைக் கவலைக்கு வருகிறேன் என்று சொன்னேன். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் இன்ன மேஜர்தான் வேண்டும் என்று கேட்பதில்லை. உயிரியல், வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல், உயிர்வேதியியல் போன்ற முன்பாடங்களை முடித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். மருத்துவ நுழைவுத் தேர்வான எம்கேட்டில் வாசித்துப் பகுத்தறியும் பகுதி 90 நிமிடத்தில் 53 கேள்வி, பாடத்தைச் சாராத கட்டுரைகளிலிருந்து. மதம், தத்துவம், மானுடவியல் பற்றிய பத்திகள் அதில் வரும். உயிரியல் மட்டும் படித்த பிள்ளைகள் திணறும் இடம் அது. சட்டப் படிப்புக்கும் மேஜர் நிபந்தனை இல்லை. சட்ட நுழைவுத் தேர்வான எல்சாட்டில் புதிர்ப் பகுதியை 2024 ஆகஸ்டிலிருந்து எடுத்துவிட்டார்கள், மிச்சம் வாதங்களைப் பிரித்துப் பார்ப்பதும் வாசிப்பும்தான். முன்பாடங்களை எட்டுச் செமஸ்டரில் எங்கெங்கே வைக்கிறீர்கள் என்று ஒரு தாளில் கட்டம் போட்டு வீட்டுக்கு அனுப்புங்கள். "எனக்கு இதில்தான் மனசு" என்ற நீண்ட போன் பேச்சைவிட அந்தத் தாள் அப்பாக்களிடம் நன்றாக வேலை செய்யும். முனைவர் பட்டம், பேராசிரியர் வேலை என்ற கனவோடு மட்டும் இதை எடுப்பதை நான் ஊக்குவிக்க மாட்டேன். ஆறேழு ஆண்டுப் படிப்புக்குப் பிறகு நிரந்தர இடங்கள் மிகக் குறைவு.

அந்தக் கனவை விடவே முடியாது என்பவர்கள் மொழியை இரண்டாம் ஆண்டிலேயே தொடங்கிவிட வேண்டும். மேற்படிப்புக்கு மூல மொழியில் குறைந்தது நான்கு செமஸ்டர் பயிற்சியாவது எதிர்பார்ப்பார்கள்; மூன்றாம் ஆண்டு முடிவில் ஞானம் வந்து சமஸ்கிருதமோ அரபியோ தொடங்கினால் காலம் போதாது. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு சாதகம் சும்மா கிடக்கிறது. பெர்க்லி, சிகாகோ, பென்சில்வேனியா பல்கலைக்கழகங்களில் தமிழ் சொல்லித்தருகிறார்கள். அமெரிக்க இந்தியவியல் கழகம் மதுரையில் தமிழ் மையம் நடத்துகிறது. அமெரிக்க சமயவியல் அகாதெமியின் தலைவராக இருந்த ஃபுளோரிடாவின் வசுதா நாராயணனும், ஆண்டாளையும் நம்மாழ்வாரையும் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த கலிஃபோர்னியா டேவிஸ் வளாகத்தின் அர்ச்சனா வெங்கடேசனும் இந்தத் துறையில்தான் இருக்கிறார்கள். ஆனால் "அம்மா, சாப்டாச்சு" என்கிற தமிழை நம்பித் தேவாரத்துக்குள் இறங்க முடியாது. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாமல் பேச மட்டும் தெரிந்தவர்களைத் தகுதித் தேர்வில் முதலாம் ஆண்டு வகுப்பிலேயே போட்டுவிடுவார்கள். அதைத் தவிர்க்கக் கோடை விடுமுறையில் தினம் ஒரு மணி நேரம் செய்தித்தாளைச் சத்தமாகப் படித்தாலே இரண்டாம் ஆண்டு வகுப்புக்குத் தாவ வாய்ப்பு உண்டு.